வாயில்லா ஜீவன்களின் வக்காலத்து

ஒருவருக்காக மற்றொருவர் பேசுவது உலகத்தில் மிகப் பழைய வழக்கம். குழந்தைக்காகத் தாய் பேசுகிறாள். கட்சிக்காரருக்காக வக்கீல் பேசுகிறார். தொகுதி மக்களுக்காகச் சட்டசபை அங்கத்தினர் பேசுவதாக நாமும் நம்பி வருகிறோம். இந்த மூன்று உறவிலும் ஒரு காப்பு உண்டு. குழந்தை வளர்ந்து, தாய் சொன்னதை மறுத்துச் சொல்லலாம். கட்சிக்காரர் வக்காலத்தை ரத்துச் செய்துவிட்டு வேறு வக்கீலைத் தேடிப் போகலாம். வாக்காளர் ஐந்தாண்டு பொறுத்திருந்து அங்கத்தினரை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால், பனகல் பூங்காவை அடுத்த தெருவொன்றில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்காகக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்த மரத்தின் சார்பில் பேசுகிறேன்" என்று தொடங்கும்போது அந்தக் காப்பு ஏதும் இல்லாமற் போகிறது. மரம் வக்காலத்தில் கையெழுத்திடவில்லை, கைநாட்டும் வைக்கவில்லை. அறியாமையாலோ ஆசையாலோ அவர் பிறழப் பேசினாலும், அவரை விலக்குவதற்கு அதற்கு வழியில்லை. விலக்கவே முடியாத பிரதிநிதி எந்த அளவுக்குப் பிரதிநிதி, எந்த அளவுக்கு எஜமானர் என்பது, சுற்றுச்சூழல் சேவையில் இறங்கிய நல்ல மனிதர்கள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

தியாகராய நகரில் குடியிருப்பவனுக்கு இது ஏட்டுச் சர்ச்சையாக இருக்க முடியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்து, அந்நாளைய படங்களில் 'லாங் டாங்க்' என்று குறிக்கப்பட்ட பெரிய ஏரியை 1920-களில் நகர விஸ்தரிப்புக்காக வற்றவைத்துத் தூர்த்து, அந்த நிலத்தில் மனை பிரித்து எழுப்பப்பட்டதே இந்த நகர். நகருக்கு நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் வைத்தார்கள். பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயர். கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியனாரின் பெயர். ஏரியின் ஞாபகமாக மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற ஒரு பலகையும், நுங்கம்பாக்கத்தில் 'டாங்க் பண்ட் ரோடு' என்ற ஒரு பலகையும் எஞ்சின. எஞ்சியிருந்த ஏரித் தரையின் மேல் 1976-இல் வள்ளுவர் கோட்டத்துக் கல்தேர் வந்து நின்றது. பெருகிவந்த பட்டணத்து ஜனங்களுக்கு வீடு வேண்டும் என்று வாதித்தவர்கள் பொய் சொல்லவில்லை. வீடு வேண்டித்தான் இருந்தது. ஏரி மட்டும் அந்த வியாச்சியத்தில் கட்சியாகச் சேர்க்கப்படவில்லை.

2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மாம்பலம் கால்வாய் வழிந்து தெருக்களில் வெள்ளம் நின்றபோது, "ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்துவிட்டது" என்று மேடைதோறும் சொன்னார்கள். இந்த அலங்காரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடிற்று. அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓட்டத்தை வாக்கியமாக மாற்றியவர்கள் நாம். அந்த வாக்கியத்தில் எத்தனை சொல் தண்ணீருடையது, எத்தனை சொல் நம்முடையது என்று பிரித்தறிவதுதான் கஷ்டம். பாரி வள்ளல் முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனதைக் கொடைமடம் என்று புலவர்கள் புகழ்ந்தார்கள். புகழத் தக்கதுதான், ஆயினும் முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு கொழுகொம்பு. அதற்குத் தேர் வேண்டும் என்று தீர்மானித்தது வேந்தனுடைய மனம். வள்ளலாரோ, பயிர் வாடக் கண்டபோது தாமும் வாடியதாகப் பாடினாரேயன்றி, பயிர் தம்மைப் பிரதிநிதியாக நியமித்ததாக எங்கும் சொல்லவில்லை. உடன் வாடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். உடன் வாடியவர் அதனாலேயே பேசும் அதிகாரமும் பெற்றுவிடுகிறாரா என்பதே கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்துக்கு வேறொரு வாசல் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கோயில் தெய்வத்துக்குச் சொத்து உண்டு. வழக்குத் தொடுக்கவும் எதிர் வழக்காடவும் உரிமை உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் தெய்வம் வாய் திறப்பதில்லை. தியாகராய செட்டியார் மறைந்த அதே 1925-ஆம் ஆண்டில், கல்கத்தாவைச் சேர்ந்த மல்லிக் குடும்பத்தாரிடையே வீட்டுத் தெய்வம் யார் வீட்டில் எழுந்தருளுவது என்று எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரையில் சென்றது. முறை வைத்துப் பூஜை செய்த சகோதரர்கள் தெய்வத்தை அசையும் சொத்தாக எண்ணி வாதித்துக்கொண்டிருக்க, தெய்வத்தின் சித்தமும் கேட்கப்பட வேண்டும், அதைச் சொல்வதற்குச் சுயநலத் தொடர்பற்ற ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்று பிரபுக்கள் தீர்ப்பளித்தார்கள். வழிபடுகிறவர்கள் அனைவரும் தெய்வத்துக்கு அன்பர்கள்தாம். ஆனாலும் அன்பு மட்டும் போதாது, ஆதாயம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் நடந்தது இன்னும் விசித்திரமானது. பூஜையற்று இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலுக்கு அருகே 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்து, ஒரு கம்பெனியால் விலைக்கு வாங்கப்பட்டுப் பிறகு போலீஸார் வசமானார். அவரை மீட்க இந்திய அரசும் தமிழக அரசும் உரிமை கோரின. கூடவே, தக்கார் ஒருவர் மூலமாக அந்தப் பாழடைந்த கோயிலே வழக்காளியாக ஆங்கிலேய நீதிமன்றத்தின் படியேறியது. சட்டப்படி ஆளாக மதிக்கப்பட வேண்டுமானால் சுவர் நிற்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும் என்று அந்த நீதிபதி கேட்கவில்லை. 1988-இல் கோயில் ஜெயித்தது; அப்பீலிலும் ஜெயித்து 1991-இல் நடராஜர் தாயகம் திரும்பினார். இடிந்த கோயிலுக்கு லண்டனில் வக்கீல் வைக்கலாம் என்றால், தூர்ந்த ஏரிக்குச் சென்னையில் ஏன் வைக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் ஒரு கணமேனும் நினைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் வாதம் நேர் எதிராகத் திரும்பியது. கலிபோர்னியா மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் டிஸ்னி கம்பெனி உல்லாச விடுதி கட்ட முனைந்தபோது சியரா கிளப் என்ற பழைய சங்கம் தடை கேட்டது; 1972-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், "உங்கள் அங்கத்தினருக்கு இதனால் என்ன நஷ்டம் என்று சொல்லவில்லையே" என்ற ரீதியில் மனுவை ஏற்க மறுத்தது. மரங்களும் நதிகளும் தாமே வழக்காளிகளாக வரலாமென்று நீதிபதி டக்ளஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு உலகப் பிரசித்தி பெற்றது; ஆயினும் அது சிறுபான்மைத் தீர்ப்புத்தான். சங்கத்தார் பிறகு செய்தது என்னவென்றால், எங்கள் அங்கத்தினர் அந்தப் பள்ளத்தாக்கில் உலாவப் போகிறவர்கள், அந்தச் சுகம் கெடும் என்று மனுவைத் திருத்தியதே. கல்கத்தா வழக்கில் சுயநலம் இருந்தால் பேசக் கூடாது; கலிபோர்னியா வழக்கில் சுயநலம் இல்லாவிட்டால் பேசக் கூடாது. இரண்டும் படித்த நீதிபதிகள் ஆழ்ந்து யோசித்துச் சொன்னவை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சுற்றுச்சூழல் தொண்டர் நின்று தம் வார்த்தையைத் தேட வேண்டியிருக்கிறது.

பிற்காலத்தில் வந்த சட்டங்கள் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. இடம் மாற்றிப் போட்டன. 2017-இல் நியூசிலாந்து அரசு வாங்கனூயி நதியை ஒரு நபராக ஏற்று, அதன் முகமாக இரண்டு பேரை நியமிக்க ஏற்பாடு செய்தது. ஒருவரை அரசும் மற்றவரை நதிக்கரை மாவோரிக் குலத்தாரும் தெரிவுசெய்வார்கள். அதே ஆண்டில் உத்தராகண்ட உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள நபர்கள் என்று அறிவித்தபோது, நதி பெருக்கெடுத்து உயிரும் உடைமையும் அழிந்தால் நஷ்ட ஈடு கொடுப்பது யார் என்று மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் கேட்டு, அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்கச் செய்துவிட்டது. கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் நியாயமானது. பேசுவதற்குப் பிரதிநிதி உண்டென்றால் பழியேற்பதற்கும் அவர் வர வேண்டாமா? நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022-இல் இயற்கை அன்னையையே உயிருள்ள நபராக அறிவித்தது. அரசு நிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகத் தண்டனை பெற்ற வருவாய்த் துறை அலுவலர் ஒருவரின் மனுவில் அந்த அறிவிப்பு வெளியாயிற்று. மனு செய்தவர் கேட்டது தம் உத்தியோகத்தைப் பற்றி. இயற்கை அன்னை இடையிலே பிறந்தாள்.

சட்டத்தில் விடை முழுமையாகக் கிடைக்காத இடத்தில் நான் சேக்கிழாரிடம் போகிறேன். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அன்னமிடும்பொருட்டு அப்பர் சுவாமிகளுக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் வைத்தருளினான். அப்பர் மடத்தில் வேளை தவறாமல் அமுது நடந்தது. பிள்ளையார் என்று வழங்கப்படும் சம்பந்தரின் மடத்தில் மட்டும் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, கடைக்காரர்கள் பிள்ளையாரின் காசுக்கு வாசி கேட்கிறார்கள், மாற்றுக் குறைந்ததென்று வட்டம் பிடிக்கிறார்கள், அப்பர் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள் என்று பரிசனங்கள் தெரிவித்தார்கள். அப்பர் உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிக் கைத்தொண்டு செய்தவர். ஆதலால் அவருக்கு நற்காசு. ஞானப்பால் உண்ட பிள்ளைக்கு, பாட்டால் ஊர்களையே ஆட்கொண்ட பிள்ளைக்கு, வாசியுள்ள காசு. ஒருவர் மகன், மற்றவர் அடிமை, ஆகையால் இந்த வேறுபாடு என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. எனக்கோ இந்தக் கதையில் தெய்வத்தைக் காட்டிலும் அந்தக் கடைக்காரரிடத்திலேதான் மரியாதை அதிகம். சொல்லுக்கு எவ்வளவு வட்டம் பிடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்திலும் அந்தக் கடைக்காரர் இருக்கிறார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டு கேட்கிறார். கற்ற ஒருவர் மேடையேறி, இந்த மரம் எத்தனை பேருக்குப் பிராணவாயு கொடுக்கிறது என்று கணக்குச் சொல்லும்போது, பின்வரிசைக்காரர் தலையாட்டிவிட்டு வெளியே போய்விடுகிறார். அதே மரத்தண்டில் வாடகைக்கு வீடு, டியூஷன், மூட்டுவலி வைத்தியம் என்று அறையப்பட்ட தகரங்களைக் கழற்றி, பட்டை சதை வளர்ந்து மூடிக்கொண்ட துருப்பிடித்த ஆணியைக் குறட்டால் பற்றி, மரத்தைக் கிழிக்காமல் மெல்ல மெல்ல அசைத்துப் பிடுங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வியர்வையோடு, "கழுத்துவரைக்கும் சிமெண்ட் போட்டுட்டாங்க, தண்ணி எப்படிங்க இறங்கும்?" என்று கேட்டால், அந்தப் பின்வரிசைக்காரர் நின்று கேட்கிறார். சென்னையில் 'நிழல்' போன்ற மரப் பாதுகாப்பு அமைப்புகள் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. வேங்கடநாராயணா சாலையில் காந்தியடிகள் 1946-இல் அடிக்கல் நாட்டிய தக்கர் பாபா வித்யாலயமும் கைக்கு வேலை கற்றுக்கொடுக்கவே எழுந்தது. இந்த நகரத்துக்குக் கைத்தொண்டு புதிதன்று. ஆணி பிடுங்கியவருக்கு மரத்தின் உள்ளம் தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. மரத்தின் உறுதியும் நோவும் விரல்வழியே கொஞ்சம் தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு அவர் காசில் வாசி குறையும்.

இந்தக் கைத்தொண்டும் நாத்தொண்டும் ஒரே இரவில் சேர்ந்து நடப்பதைக் காண விரும்புகிறவர், ஜனவரி முதல் பங்குனி வரையிலான பருவத்தில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போக வேண்டும். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, அதற்கும் முன்னே 1970-களில் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இயற்கை ஆர்வலர்கள் ஆரம்பித்த வேலையைத் தொடர்ந்து, இன்றுவரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவு இரவாக நடந்துவருகிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் கூட வரலாம்; நடக்குமுன் தொண்டர் ஒருவர் அவர்களை மணலில் உட்காரவைத்து, பங்குனி ஆமை என்று மீனவர் வழங்கும் அந்தப் பிராணியின் வரலாற்றைச் சொல்கிறார். பிறகு நடை. அலை ஓரத்திலிருந்து மேட்டுக்கு ஏறி, மறுபடி அலைக்கே இறங்கிய தடத்தைக் கண்டதும், தடம் திரும்பிய இடத்து மணலை ஒரு கோலால் பதமாகக் குத்திப் பார்க்கிறார்கள். கோல் சட்டென்று இறங்கினால் கீழே குழி. பிறகு கையால் தோண்டவேண்டும். முழங்கை மறையும் ஆழத்தில், பிங்பாங் பந்து போன்ற நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள், இன்னும் ஈரம் உலராமல் இருக்கின்றன. அவற்றைப் புரட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்து, பொரிப்பகத்தில் தாய் தோண்டிய அதே வடிவிலும் ஆழத்திலும் வேறொரு குழி தோண்டி இறக்குகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளிவரும்போது அவற்றைக் கடலுக்கு விடுவார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி சொல்லும் ஊரில் இது நடக்கிறது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆமைக்காகப் பேசும்போது வேறொரு வாய்க்கு எதிராகப் பேச நேர்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. வலையில் சிக்கிக்கொண்டு மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடிப் படகுகள் தொழில் செய்யக் கூடாதென்று விதி இருக்கிறது. விதி மீறப்பட்டதென்பதே பேச்சு. ஆனால் நகரத்து வீட்டுக் கூடங்களில் அந்தப் பேச்சு, "மீனவர்கள் ஆமைகளைக் கொல்கிறார்கள்" என்று ஒரே வாக்கியமாகச் சுருங்கிப்போனது. சிறு ஃபைபர் படகில் போகிற ஊரூர்க் குப்பத்தாருக்கும், பெரிய விசைப்படகு உடையவருக்கும் இடையே உள்ள தூரம் அந்த வாக்கியத்தில் காணாமற்போயிற்று. ஆமைக்கு வாய் இல்லை என்று பேச வந்தவர், வாய் இருந்தும் கேட்கப்படாத மனிதருடைய முறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். பிரிவி கௌன்சில் சுயநலத் தொடர்பற்றவரைக் கேட்டதன் அருமை இப்போது விளங்குகிறது. எழும்பூரிலோ தியாகராய நகரிலோ குளிர்ந்த அறையில் மீன் வறுவல் உண்பவருக்கு இந்த வழக்கில் ஆதாயமே இல்லையென்று எந்த நீதிபதி சொல்வார்? ஏரித் தரையின் மேல் வீடு கட்டிக்கொண்டு ஏரிகளுக்காகப் பேசுகிற எங்களைப் போன்றவர்களையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

பேச்சின் இன்பம் வேறு குறுக்கே நிற்கிறது. கைதட்டு வாங்கியவருக்கு அது ஆமைக்காகத் தட்டப்பட்டதாகத்தான் தோன்றும். கீதை பலனை விடச் சொல்கிறது; தொண்டர்கள் பலனை எளிதாக விட்டுவிடுகிறார்கள். சம்பளமும் கிடையாது, பதவியும் கிடையாது. விட முடியாமல் நிற்பது, நான்தான் இதற்கு வாய் என்ற அந்த நினைப்பு. ஆஸ்திகருக்கு அதற்கு மருந்தாகப் பக்தி இருக்கிறது. நாஸ்திகருக்கு மருந்து, எனக்குத் தெரிந்தவரையில், அடுத்த இரவும் மணலில் நடப்பதுதான். நடக்கும் இரவுகளில் பெரும்பாலானவற்றில் கூடு ஒன்றும் கிடைக்காது.

ஆனாலும் சேக்கிழார் கதையைக் கடைக்காரரோடு நிறுத்தவில்லை. கைத்தொண்டு இல்லாததால் காசு வாசியாயிற்று என்று தெரிந்த பிள்ளையார், உழவாரத்தை வாங்கிக்கொண்டு முற்றம் செதுக்கப் புறப்படவில்லை. அது அவருடைய வழியன்று. இறைவன் சந்நிதியில் போய், வாசியை வாசியென்றே சொல்லி, அது தீர வேண்டுமென்று பாடினார். குறையை மறைத்துவைத்துவிட்டுக் காசை நல்ல காசென்று கடையில் நீட்டவில்லை. அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் அவருக்கும் நற்காசு வந்தது. எல்லாரும் ஆணி பிடுங்க முடியாது. எல்லாரும் இரவில் நடக்க முடியாது. நாவினால் மட்டுமே தொண்டு செய்யக் கூடியவர்களும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களும் வேண்டும். அவர்கள் தம் காசின் குறையைத் தாமே முதலில் சொன்னால், கடைக்காரர் என்ன செய்வார் என்று பார்க்கலாம்.

கடல் ஆமை ஆராய்ச்சியாளர்கள் இதில் நமக்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறார்கள். பொரிப்பகத்தைப் பற்றி அவர்கள் பெருமை பாடுவதில்லை. முட்டைகளுக்கு ஏற்ற இடம் தாய் தேர்ந்த மணல்தான். கூட்டின் உஷ்ணம் கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுமாதலால், மனிதர் தோண்டிய குழியில் அந்தக் கணக்கு மாறிவிடக் கூடும். முட்டையை இடம் மாற்றுவது வேறு வழியற்ற இடத்தில் கையாளும் கடைசி உபாயம் என்று அவர்களே எழுதுகிறார்கள். சென்னையில் ஏன் வேறு வழியில்லையென்றால், நாய்களும் மனிதர்களும் போக, வெளிச்சம் இருக்கிறது. குஞ்சு, இருண்ட கரையில் கடல்வானத்தின் மங்கிய ஒளியை நோக்கிப் போகும் சுபாவமுடையது. கரையில் விளக்கெரிந்தால் சாலைப் பக்கம் திரும்பிவிடுகிறது. முட்டையிடும் பருவத்தில் இரவு நேரத்தில் கடற்கரை விளக்குகளை அணைத்துவைக்க வேண்டும் என்பது தொண்டர்களின் நெடுநாளைய கோரிக்கை. அந்தக் கோரிக்கைக்கு ஆமையின் கைநாட்டு வேண்டியதில்லை. விளக்குகள் நம்முடையவை, அவற்றைப் பற்றிப் பேச நமக்கு முழுப் பாத்தியதை இருக்கிறது.